குமார் ஊதிய என் கிளாரினெட்

சபையார் எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் அது சாட்சியாக இருக்காது.

என் பெயர் எபிநேசர். வயது நாற்பத்து நான்கு. காஞ்சிபுரத்தில் டேனியல் மாஸ்டரின் பேண்ட் செட்டில் கிளாரினெட் ஊதுகிறவன். கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம், தேர் பவனி, சாவு என்று எதுவானாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் ஊதுவோம். நடுவில் ஒன்றரை வருஷம் நான் ஊதவில்லை. அந்த ஒன்றரை வருஷமும் என் கிளாரினெட்டை குமார் என்பவன் ஊதினான். நான் அவனுக்குப் பின்னால் நின்று மராக்கஸ் ஆட்டினேன். மராக்கஸ் என்றால் வேறொன்றும் இல்லை, கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய கிலுகிலுப்பை.

என் வாத்தியத்தின் சத்தம் எனக்கு முன்னால் இரண்டடி தூரத்திலிருந்து வரும். அது என் மூச்சு இல்லை. ஜனங்கள் அவனைப் பார்த்துக் கை தட்டுவார்கள். அவன் கழுத்தில் மாலை விழும். நான் தாளம் தப்பாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது நரகமாக இருந்தது.

கிளாரினெட் எப்படிக் கை மாறியது என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட ஹாஸ்டல் பேண்டில் நான் ஊதக் கற்றுக்கொண்டேன். பிறகு மூன்று வருஷம் சாயப் பட்டறையில் நின்று, கையெல்லாம் நிறம் ஏறிப்போய், சேர்த்து வைத்துச் சென்னையில் ஒரு பழைய வாத்தியக் கடையில் வாங்கினேன். கருப்பு மரம். விரலால் அழுத்துகிற கீக்கள் வெள்ளி நிறம். மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்க்கிற இடத்தில் கார்க் தேய்ந்து போனபோது, என் மனைவி கிரேஸ் ஒரு கைப்பிடி அரக்கு நிறப் பட்டு நூல் கொண்டு வந்து கொடுத்தாள். அவள் நெசவாளர் வீடுகளுக்குத் தறி நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறவள். அந்த நூலை இறுக்கிச் சுற்றியதும் காற்று ஒழுகுவது நின்றது. பத்தொன்பது வருஷம் அதை ஊதினேன். எனக்குக் கல்யாணம் ஆனதே அதைக் கேட்டுத்தான். கிரேஸ் வீட்டார் ஒரு தேர் பவனியில் நான் ஊதுவதைப் பார்த்துவிட்டுத்தான் பேச வந்தார்கள்.

கொரோனா வந்தது. இரண்டாவது அலை சமயத்தில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் பூட்டு. தறிகளும் நின்றதால் கிரேஸுக்கும் வேலை இல்லை. மகள் பிரிசில்லா அப்போது ஆறாம் வகுப்பு. காய்கறி, கீரை எடுத்துத் தெருத் தெருவாக விற்கலாம் என்றால் வண்டி இல்லை. குமாரிடம் ஒரு மொபெட் சும்மா நின்றது. குமார் எங்கள் செட்டில் இரண்டாவது கிளாரினெட். ஐயம்பேட்டைக்காரன், என்னைவிட எட்டு வயது இளையவன். அவனுடைய வாத்தியம் பழசு, காற்று ஒழுகும். அவன் வீட்டுக்குப் போய் வண்டியைக் கேட்டேன்.

"எடுத்துக்கினு போண்ணா. சும்மாத்தான் நிக்குது. ஆனா..." என்று இழுத்தான்.

"ஆனா இன்னாடா?"

"உன் கிளாரினெட்ட எனக்குக் குடுத்துடு. கைக்குக் கை. அப்புறம் நீ பேச்சு மாறக் கூடாது."

அவன் என்னை ஏமாற்றவில்லை. நேருக்கு நேர் கேட்டான். நானும் யோசித்துத்தான் கொடுத்தேன். அந்த மொபெட்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. கூரம் வரைக்கும் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு போய் விற்றிருக்கிறேன். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவனை வெறுத்தேன்.

சில மாதங்களில் கல்யாணங்கள் திரும்பத் தொடங்கின. நான் மாஸ்டரிடம் போனேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எபி, குமாரு மொதல்ல நிக்கட்டும்பா. வாத்தியம் அவங்கிட்ட இருக்குது. அவனோட பழசு நடுவுல வெடிச்சிப் பூடுச்சு. இப்போதைக்கு நீ மராக்கஸ் புடி. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த அப்புறம் வரவே இல்லை.

முதலில் குமார் சுமாராகத்தான் ஊதினான். அதுவரைக்கும் என்னால் தாங்க முடிந்தது. அவன் ஒரு இடத்தில் தப்பாக ஊதினால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு ருசிக்கும். ஆனால் அவன் நாளுக்கு நாள் தேறினான். நான் ஊதிய காலத்தில் பாட்டு முடியும்போது ஒரு வேலை செய்வேன். கடைசி ஸ்வரத்தை அப்படியே நிறுத்தி, கீழேயிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போவேன். மயில் அகவுவது போல இருக்கும். கேட்டவர்கள் "எபி வழுக்கல்" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஒரு நாள் குமார் அதையும் ஊதினான். என்னைவிட நீளமாக ஊதினான். கூட்டம் விசிலடித்தது. அன்றைக்கு என் கையில் இருந்த கிலுகிலுப்பையை ரோட்டில் அடித்து உடைத்துவிடலாமா என்று இருந்தது.

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனர் வீட்டுக் கல்யாணம். கல்யாணப் பெண்ணின் தம்பி, குமார் ஊதுவதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டான். அது ஊரெல்லாம் சுற்றியது. நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பிரிசில்லா ஓடி வந்தாள்.

"அப்பா, இத பாருப்பா. குமார் சித்தப்பா செம்மையா ஊதுறாரு. எங்க கிளாஸ்ல எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சிருக்காங்கப்பா."

பார்த்தேன். குமார் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறான். என் கருப்பு மரம் வெயிலில் மின்னுகிறது. படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கையும் ஒரு கிலுகிலுப்பையும் மட்டும் வந்து வந்து போகிறது. அது என் கை. என் பிள்ளைக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு அவனுடைய எல்லாமே எனக்கு எரிந்தது. அவன் போட்டிருக்கிற சட்டை. டீக்கடையில் அவனுக்கு மட்டும் கூடுதலாகப் போடுகிற சர்க்கரை. அவன் மனைவி வசந்தா வாசலில் நின்று சிரித்துப் பேசுவது. காலையில் கீரை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போவேன். அவன் வீட்டிலிருந்து ஊதிப் பழகுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தத் தெருவில் எனக்கு நல்ல வியாபாரம். அதையும் விட்டேன்.

இப்போது எழுதப் போவது கிரேஸுக்கே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

ஒரு பெரிய கல்யாணம். ஊதுவதற்கு முன்னால் குமார் சாப்பிடப் போயிருந்தான். கிளாரினெட் பெட்டி திறந்து கிடந்தது. ஊதுகிற முனையில் ரீடு என்று நாணலில் செய்த ஒரு சின்னப் பட்டை கட்டியிருக்கும். அதன் நுனி தாளைவிட மெல்லிசு. அதுதான் அதிர்ந்து சத்தம் கொடுக்கும். நான் அக்கம் பக்கம் பார்த்தேன். கட்டை விரல் நகத்தால் அந்த நுனியை ஒரு கீறல் கீறினேன். ஒரு நொடி வேலை. பெட்டியை இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு என் கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

குமார் ஊத ஆரம்பித்தான். வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. திரும்ப ஊதினான். திரும்பவும் அதே சத்தம். மாப்பிள்ளையின் நண்பர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மாஸ்டர் அவனை முறைத்தார். அவன் அவசர அவசரமாக வேறு ரீடு மாற்றினான். ஊர்வலம் முடிந்ததும் என்னிடம்தான் வந்தான்.

"இன்னான்னே தெரியலண்ணா. நேத்துதான் புது ரீடு போட்டேன்."

"புது ரீடு சில சமயம் அப்படித்தான்பா" என்று சொல்லி அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

அதோடும் என் மனசு ஆறவில்லை. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். ஒவ்வொருத்தரும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டார்கள். வேலை கேட்டார்கள், பிள்ளை கேட்டார்கள், சுகம் கேட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "ஆண்டவரே, அவன் வாயை அடைத்துப் போடும். என் பொருளை எனக்குத் திருப்பித் தாரும்" என்று கேட்டேன். கண்ணீரோடு கேட்டேன். பக்கத்தில் இருந்த சகோதரி, நான் ஏதோ வியாதிக்காரருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஆமென், ஆமென்" என்று என்னோடு சேர்ந்து சொன்னார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

பத்து நாள் போயிருக்கும். மாஸ்டர் போன் செய்தார்.

"எபி, குமாருக்கு வாய் கோணிக்கிச்சுபா. வேலூர் பக்கம் கச்சேரிக்குப் போயிட்டு வந்தோம்ல, மறுநாள் காலைல பல்லு வெளக்கறப்ப வாயில தண்ணி நிக்கலயாம். ஒரு பக்கம் மூஞ்சியே அசைய மாட்டேங்குது. வெள்ளிக்கிழம மாப்ள அழைப்பு இருக்குது. நீ போயி அந்தக் கிளாரினெட்ட வாங்கிக்கினு வந்துடு."

அந்த நிமிஷம் எனக்கு இரக்கம் வந்ததா? இல்லை. வெள்ளிக்கிழமை முதல் பாட்டாக எதை எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

குமார் வாயில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கண் மூடாமல் திறந்தபடியே இருந்து, அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நெற்றியில் விபூதி. பேசினால் பாதி எழுத்து வழுக்கிக்கொண்டு போனது. ஆனாலும் பெட்டியை அவனே எடுத்துக் கொடுத்தான்.

"எடுத்துக்கோண்ணா. வேற ஆளுங்கிட்டக் குடுக்காத, எபிண்ணந்தான் ஊதணும்னு மாஸ்டர் கிட்ட நாந்தான் சொன்னேன்."

அது என் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தித் திறந்தேன். சேர்க்கிற இடத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் எரிந்தது. பிரித்துக்கொண்டே போனேன். அடியில் எங்கள் அரக்கு நூல் அப்படியே இருந்தது. அவன் அதை எடுக்காமல் மேலேயே சுற்றியிருக்கிறான். வாயில் வைத்தேன். ஒரே ஒரு ஸ்வரம் ஊதினேன். ஒன்றரை வருஷம் கழித்து அந்த மரம் என் பல்லில் அதிர்ந்தது. ரோட்டோரம் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பில் நான் ஊதியது போல அதற்கு முன் ஊதியதில்லை என்று மாஸ்டரே சொன்னார். மாலை போட்டார்கள். அந்த மாலையோடு வீட்டுக்கு வந்தேன். கிரேஸ் கதவைத் திறந்தாள். அவள் சாயங்காலம் வசந்தாவைப் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தாள்.

"சோறு வாயில வச்சா ஒரு பக்கமா வழியுதாம். அவங்க பையன் அதப் பாத்துட்டு பயந்து அழுவுதாம். நீங்க புது மாப்ள மாதிரி சிரிச்சிக்கினு வர்றீங்க" என்றாள்.

அவள் குத்திக்காட்டிப் பேசவில்லை. சும்மாதான் சொன்னாள். ஆனால் அப்போதுதான் எனக்கு அந்த ஜெபம் ஞாபகம் வந்தது. அவன் வாயை அடைத்துப் போடும். நான் கேட்ட வார்த்தை அதுதான். மாலையைக் கழற்றினேன்.  ஆண்டவர் நான் கேட்டதைச் செய்துவிட்டாரா? அப்படியானால் நான் யார்? ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டவன். மறுநாள் கிளாரினெட்டை வாயில் வைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நம் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீடு விஷயம், ஜெபம், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஆறுதல் சொல்லுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆண்டவர இன்னான்னு நெனச்ச எபி? கூலிக்கு ஆள் அடிக்கிறவர்னா? நீ கேட்ட ஒடனே போயி ஒருத்தன் மூஞ்சில அடிச்சிட்டு வர்றதுக்கு? நரம்பு வீங்கினா வாய் கோணும். யாருக்கு வேணா வரும். அது சரி, ரீட கீறினது யாரு?"

"நான்தான் பாஸ்டர்."

"அப்ப அதுக்குப் போ. நீ செஞ்சதுக்கு மன்னிப்புக் கேளு. நீ செய்யாததுக்கு ஆண்டவர் மேல பழியப் போடாத."

அன்றைக்கு மத்தியானமே பெட்டியை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். குமாரும் வசந்தாவும் இருந்தார்கள். நின்றபடியே முதலில் ரீடு விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். குமார் வாயிலிருந்த துண்டை எடுத்தான். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது நோயால் வழிகிறதா, அழுகிறானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அன்னைக்கு இவளும் வந்திருந்தாண்ணா" என்றான் வசந்தாவைக் காட்டி. "இவ முன்னாடி சிரிச்சாங்க."

ஜெபத்தைப் பற்றிச் சொன்னதும் வசந்தா எழுந்து நின்றுவிட்டாள். "எங்கூட்டுக்காரரு வாய்க்கா வேண்டிக்கினே? உனக்கு அண்ணன் அண்ணன்னு எத்தினி வாட்டி சோறு போட்டிருப்பேன்" என்று கத்தினாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"போயிடுண்ணா" என்றான் குமார். "இப்ப போயிடு."

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மாஸ்டரிடம், நான் இனி மராக்கஸ்தான் பிடிப்பேன், கிளாரினெட்டுக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ஆற்காட்டிலிருந்து ஒருத்தரை வரவழைத்துக்கொண்டார். கிரேஸிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை வசந்தாவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"டாக்டரு தெனமும் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்றாரு, மூஞ்சிக்கு கரன்ட் குடுக்கணுமாம், பயிற்சி பண்ணணுமாம். ஷேர் ஆட்டோல ஏறுனா எல்லாரும் அவர் வாயையே பாக்கறாங்க. அவரு வர மாட்டேன்றாரு. நீ வண்டிய எடுத்துக்கினு வா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கோணலாப் போவணும்னு வேண்டிக்கினல்ல? இப்ப நேரா ஆவணும்னு வேண்டிக்கோ."

நான் சரி என்று தலையாட்டினேன். 

அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய வாரம். தினமும் கீரை விற்று முடித்துவிட்டுப் பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போவேன். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பின்னால் உட்காருவான். முதல் இரண்டு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவனைக் கன்னத்தை உப்பச் சொல்லுவார்கள். ஒரு துண்டுத் தாளை முன்னால் பிடித்து ஊதச் சொல்லுவார்கள். அந்த வழுக்கலை ஊதிய வாயால் ஒரு தாளை அசைக்க முடியவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிப்பேன்.

இங்கேயும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என் ஜெபம் பாதிதான். உதடு அவனுக்குச் சுகம் கேட்கும். உள்ளே ஒரு குரல், அவனுக்குச் சரியாகாவிட்டால் கிளாரினெட் எனக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அடக்கினாலும் அடங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். "ஆண்டவரே, இவன் நல்லாகணும்னு கேட்க எனக்கு மனசு வரலை. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? முதலில் அந்த மனசைக் கொடும்."

அந்த வாரமே அது கிடைத்தது, நான் நினைத்துப் பார்க்காத விதமாக. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றோம். குமார் துண்டை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தான். டீ தாடையில் வழிந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தன் தன் வாயைக் கோணிக் காட்டித் தன் கூட்டாளியிடம் சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னாய்யா சிரிப்பு? இவன் ஊதி நீ கேட்டிருக்கியா? காஞ்சிபுரத்துலயே இவன மாதிரி ஊத ஆளு கெடையாதுய்யா!"

கத்திவிட்டு அப்படியே நின்றேன். அது என் வாயிலிருந்தா வந்தது? ஒன்றரை வருஷமாக நான் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று வைத்திருந்த வார்த்தை அது. குமார் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"உடுண்ணா. போலாம் வா."

இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு. அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட ஜெபம் முழு ஜெபம். உள்ளே இருந்த அந்தக் குரல் அன்றைக்குப் பேசவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன லாரி புழுதியைக் கிளப்பிவிட்டது. பின்னாலிருந்து குமார் முதுகில் ஓங்கி அடித்தான்.

"அண்ணா! நிறுத்து, நிறுத்து! கண்ணு மூடுச்சுண்ணா!"

ஓரம் கட்டினேன். அவன் இறங்கி என் முகத்துக்கு நேராக நின்று மூடிக் காட்டினான். இடது இமை பாதி வரைக்கும் வந்து, நடுங்கி, மூடிக்கொண்டது. ரோட்டில் நின்று இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். சிரிக்கும்போது அவன் இடது உதடும் துளி மேலே ஏறியது. அல்லேலூயா என்று நான் கத்தினேன். முருகா என்று அவன் கத்தினான். வீட்டில் வசந்தாவிடம் காட்டியதும் அவள் அழுதுவிட்டு உள்ளே போய் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். "யாரு சாமி செஞ்சாலும் சரி, நல்லா ஆயிட்டா போதும்" என்றாள். எனக்கு யார் செய்தார் என்று தெரியும். அவளோடு நான் வாதம் பண்ணவில்லை.

ஈஸ்டர் வருவதற்குள் அவன் முகம் ஏறக்குறைய நேராகிவிட்டது. ஆனால் கிளாரினெட்டுக்கு உதட்டை ரொம்ப இறுக்க வேண்டும், இன்னும் சில மாதம் அதைத் தொடாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்த வாரம் சித்தூர் பக்கத்தில் பேண்டில் வாசிக்கிற வசந்தாவின் அண்ணன் வந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி. அவர் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் தன் பழைய சாக்ஸபோனைத் தங்கச்சி புருஷனுக்குக் கொண்டு வந்திருந்தார்.

"இதுக்கு வாய அவ்ளோ இறுக்க வேணாம் மாப்ள. ஊதிப் பாரு."

நானும் அங்கே இருந்தேன். தங்க நிறத்தில் பளபளவென்று இருந்தது. குமார் ஊதினான். முதலில் காற்று, பிறகு ஒரு கரகரப்பு, பிறகு சத்தம். ஆழமான சத்தம். வசந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் ஊதி முடித்துவிட்டு உள்ளே போய் என் கிளாரினெட் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தான்.

"உன்னுது."

"பேச்சு மாறக் கூடாதுன்னு நீதானேடா சொன்ன?"

"மாத்துறது நானு. நீயா மாத்துற?"

வண்டிச் சாவியை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "அத நீ வச்சிக்கோ. அப்புறம் இந்தத் தெருவுக்குக் கீரை யாரு எடுத்துக்கினு வருவா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரீடு விஷயத்த நான் மறக்கலண்ணா. மறந்துட்டேன்னு சொன்னா பொய். ஆனா ஆறு வாரம் என்ன ஏத்திக்கினு போனதையும் மறக்கல."

நான் ஆனந்தமாக வீட்டுக்கு வந்தேன் என்று எழுத ஆசைதான். கிளாரினெட் என் மடியில் இருக்கும்போதே என் கண் அந்தச் சாக்ஸபோன் மேல் இருந்தது. ஆறு வாரம் இவன் வாய்க்காக நான் ஜெபித்தேன், ஆண்டவர் இவனுக்கு வாயையும் கொடுத்து, மேலே ஒரு சாக்ஸபோனையும் கொடுக்கிறாரே என்று தோன்றியது. மூன்று நாள் தோன்றியது. கிரேஸிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க வேண்டிக்கினதுதானே கெடச்சிருக்குது. கொஞ்சம் கூடக் கெடச்சிருக்குது. அதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பொறாமையை வெளியே சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சித்திரையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். ஜனங்கள் சாக்ஸபோனைத்தான் போனில் எடுக்கிறார்கள். சில நாள் வலிக்கிறது. வலிக்கும்போது அந்த இடத்திலேயே, ஊதிக்கொண்டே, மனசுக்குள் குமாரின் பெயரைச் சொல்லி அவனுக்காக ஆண்டவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அவன் பையனுக்குப் படிப்பு, வசந்தாவுக்கு முதுகு வலி, ஏதாவது. கேட்டு முடிப்பதற்குள் பாட்டும் முடிந்துவிடுகிறது. வலியும் பெரும்பாலும் போய்விடுகிறது.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே. உங்களுக்கும் ஒரு குமார் இருக்கலாம். உங்கள் ஓரகத்தியாக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராக இருக்கலாம், எதிர் வீட்டுக்காரராக இருக்கலாம். அந்தப் பெயரை ஆண்டவரிடம் மறைக்காதீர்கள். நல்ல ஜெபம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள். என் அசிங்கமான ஜெபத்தைக் கேட்டும் அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. என் பொருளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதைவிடப் பெரியதாக, அதை ஒருத்தன் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்கிற தகுதியைக் கொடுத்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

கடைசியாக ஒரு ஜெப விண்ணப்பம். வேலூரில் ஒரு பெரிய செட்டிலிருந்து குமாரைக் கூப்பிடுகிறார்கள். டிவி நிகழ்ச்சிக்கெல்லாம் போகிற செட் அது. போகலாமா வேண்டாமா என்று அவன் என்னிடம்தான் கேட்டிருக்கிறான். நேற்று முழுக்க பதில் சொல்லாமல் தட்டிக் கழித்துவிட்டேன். நாளைக் காலையில் கீரை விற்கப் போகும்போது, "போடா, கட்டாயம் போ" என்று சொல்லப் போகிறேன். சொல்லும்போது என் குரல் நடுங்காமல் இருக்க எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.